கண் திறக்காத முனியாண்டி

கோலசிலாங்கூரில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பச்சை குத்தும் கடை என்னுடையதாக இருந்தது. ஓய்வு பெற்றதும் அதைக் கவிதாவிடம் ஒப்படைத்துவிட்டேன். போன மாதம் ஒரு நாள் அவள் சுவரில் ஆணி அடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க எங்க கோர்ஸ் பண்ணீங்க? சர்ட்டிஃபிகேட் இருந்தா குடுங்க லா, ஃபிரேம் போட்டு மாட்டிடலாம். கஸ்டமர்லாம் கேக்குறாங்க."

அப்படி ஒன்று என்னிடம் இல்லை என்றேன். அவள் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. திட்டினால் நான் பதிலுக்குத் திட்டுவேன், அதோடு முடிந்தது. யாராவது பரிதாபப்பட்டால்தான் எனக்குச் சோறு இறங்காது. அதனால் இதை எழுதுகிறேன்.

கவிதா கெட்டிக்காரி. கணினிப் பலகையில் வரைகிறாள், பிடிக்காவிட்டால் ஒரு தட்டுத் தட்டி அழிக்கிறாள், மறுபடி வரைகிறாள். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அந்தக் காலம்போல வருமா என்று பெருமூச்சு விடுகிற ஆள் நானில்லை. அந்தக் காலம் எனக்கு ஒரு நல்லதும் செய்யவில்லை.

என் பெயர் சரசு, ஜெராம் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. கல்யாணமான பிறகு டவுனில் ஒரு சிகை அலங்காரக் கடையில் வேலை பார்த்தேன், வார இறுதியில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போட்டேன். சுற்றுவட்டாரத்தில் என் கை பேசப்பட்டது. மருதாணிக் கூம்பைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், போட்ட கோட்டை அழிக்க முடியாது. அழுத்தம் கூடினால் தடிக்கும், குறைந்தால் அறுந்துபோகும். அந்தப் பழக்கம்தான் என் முதல் பள்ளிக்கூடம்.

ஆனால் எனக்கு அதில் ஓர் ஆத்திரமும் இருந்தது. பாதிநாள் உட்கார்ந்து முழங்கை வரைக்கும் மயிலும் மாங்காயுமாகப் போட்டிருப்பேன். ஒரு வாரம் கழித்துக் கடையில் அதே பெண்ணைப் பார்த்தால் கையில் ஆரஞ்சுக் கறைதான் இருக்கும். என் வேலை பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் போய்க்கொண்டே இருந்தது. நான் போட்ட கோடு என்னைவிட அதிக நாள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்கு எங்கள் ஊரில் பச்சை குத்துவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் சொன்னபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். குண்டர் கும்பல்காரன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறாயா என்றார் பெரிய நாத்தனார். மருதாணிக் கூம்போடு மாப்பிள்ளை கையைப் பிடித்தபோது இவர்தான் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தவர். என் கணவர் மாணிக்கம் லோரி ஓட்டுபவர், அதிகம் பேசமாட்டார். சோற்றை மட்டும் ஆக்கி வைத்துவிட்டுப் போ என்றார். நான் அரிசியைக் களைந்து வைத்துவிட்டுப் போனேன், அடுப்பைப் பற்றவைக்க அவருக்குக் கை இருந்தது.

கிள்ளானில் ஆ கியோங் என்று ஒரு சீனர் கடை வைத்திருந்தார். நான் போய் நின்றபோது எனக்கு முப்பத்தைந்துக்கு மேல், அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவரை நான் முதலாளி என்ற அர்த்தத்தில் போஸ் என்று கூப்பிட்டேன், அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். இருவருக்கும் பொது மொழி மலாய்தான். அவர் ஒருநாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. நான் வரைந்ததை வாங்குவார், தலைகீழாகத் திருப்புவார், கொஞ்ச நேரம் பார்ப்பார், திருப்பிக் கொடுத்துவிட்டு "லாகி" என்பார். மறுபடியும் என்று அர்த்தம். ஒரே புலித்தலையை நான் எத்தனை தாளில் வரைந்தேன் என்று கணக்கில்லை. தலைகீழாகப் பார்த்தால் புலி மறைந்துபோகும், கோடு மட்டும் தெரியும் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் அதை வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தாளுக்குப் பிறகு பம்ப்ளிமாஸ் பழத் தோல், அதற்குப் பிறகு பன்றித் தோல். பன்றித் தோல்தான் மனிதத் தோலுக்குக் கிட்டத்தில் இருக்கும். சந்தையில் சீனக் கிழவியிடம் வாங்கி, தாளில் சுற்றி, வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அம்மன் கோயில் திருவிழாவுக்காக வீடே சைவத்தில் இருந்த நேரம் அது. மாமியார் மல்லிகைச் சரத்தை வைக்கக் கதவைத் திறந்தார். தாள் அவிழ்ந்திருந்தது, தோலில் நான் பாதி குத்தின திரிசூலம் அவரைப் பார்த்தது. பன்றி மேல் சூலமா என்று கேட்டு அன்றைக்கு அவர் வைத்த ஒப்பாரி நாலு வீடு தள்ளிக் கேட்டது. குளிர்பெட்டியைக் கழுவினேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மறுவாரம் ஐஸ் போட்ட மீன் பெட்டி ஒன்றை வாங்கிப் பின்கட்டில் வைத்துக்கொண்டு தொடர்ந்தேன். அதற்குப் பிறகு சூலம் மட்டும் குத்தவில்லை, ரோஜாவோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆ கியோங்கோடு எனக்கு நேர்ந்த உண்மையான சண்டை வேறு. கோடு கைவந்த பிறகு, முகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் மிஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"உங்க ஆளுங்க தோல்ல முகம் நிக்காது, அக்கா. பேரு குத்துங்க, சூலம் குத்துங்க, அது போதும். முகம்னா கண்ணு. கண்ணு நம்மளப் பாக்கணும். கறுத்த தோல்ல அது பாக்காது."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லியிருப்பார்கள். சாம்பல் நிற மையைத் தண்ணீரில் கலந்து மெல்ல மெல்லத் தேய்த்து நிழல் கொண்டுவருவது அவர் வழி. வெளுத்த தோலில் அது புகை மாதிரி இறங்கும். எங்கள் தோலில் அந்தச் சாம்பல் எங்கே போனது என்றே தெரியாது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் தோலில் முகம் நிற்காது என்றால் தப்பு தோலிலா, அவர் கையிலா?

என் தொடையிலேயே குத்திப் பார்த்தேன். யார் முகம் என்று யோசித்து, தினமும் பார்க்கிற முகம்தானே சுலபம் என்று என் வீட்டுக்காரர் முகத்தை எடுத்தேன். ஆ கியோங் வழியிலேயே குத்தினேன். ஆறியபின் நெற்றி மறைந்தது, கன்னம் மறைந்தது, மூக்கும் மீசையும் மட்டும் நின்றன. மாணிக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, "எங்க அண்ணன ஏன் அங்க குத்தி வெச்சிருக்க?" என்று கேட்டார். அப்படியே அவர் அண்ணன்தான். பெரிய நாத்தனாருக்குத் தெரிந்திருந்தால் நான் ஊரில் இருந்திருக்க முடியாது. அடுத்த நாளே மேலே ஒரு கரிய தாமரையைப் போட்டு மூடினேன். அந்தத் தாமரை இன்னும் இருக்கிறது, வீட்டுக்காரரின் அண்ணன் அடியில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

வழி கிடைத்தது காவடி நாளில். முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுக்கிறவர்கள் எண்ணெய் தேய்த்து வெயிலில் வரிசையாக நின்றார்கள். அந்தக் கறுத்த முதுகுகளில் வெளிச்சம் எங்கே உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றேன், சாமியைப் பார்க்கவில்லை. தோலே பளபளத்தது. வெளிச்சத்தை நான் போட வேண்டியதே இல்லை, அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. நான் இருட்டை மட்டும் போட வேண்டும், மற்றதைத் தொடாமல் விட வேண்டும். சாம்பலே வேண்டாம். நல்ல கறுப்பு, பக்கத்தில் வெறும் தோல், முகம் பெரிதாக. இவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்ததற்கு யாரும் எனக்குச் சர்ட்டிஃபிகேட் தரவில்லை.

அதற்குப் பிறகு சைக்கிள் கடை மாடியில் என் சொந்தக் கடை, குத்திக்கொள்ள வந்தவர்கள் எங்கள் ஆட்கள். செத்துப்போன தாயின் முகம், பிள்ளைகள் முகம் என்று குத்தினேன். நன்றாகத்தான் வந்தன. ஆனாலும் ஒவ்வொன்றையும் முடித்துத் துடைக்கும்போது, இது பார்க்கிறதா என்று ஆ கியோங் காதில் கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்கிற மாதிரி இருந்தது. பார்த்தது என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்த நிலையில்தான் பெரியசாமி அண்ணன் படியேறி வந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர், அறுபதை நெருங்கியவர், எங்கள் பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு அவர்தான் பூசாரி. தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. கோயிலுக்கு வேறு இடம் தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. சிலை சிமெண்டுச் சிலை, தரையோடு சேர்த்துக் கட்டியது. பெயர்த்தால் உடையும். புதுக் கோயிலுக்கு இந்தியாவிலிருந்து அழகான கருங்கல் முனியாண்டியை வரவழைக்கலாம் என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது.

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டினார். "எனக்கு இவரு மூஞ்சிதான் வேணும் தங்கச்சி. காலண்டர் மூஞ்சி வேணாம்."

நான் தோட்டத்துக்குப் போய் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வரைந்தேன். தோட்டத்தில் கொத்து வேலை பார்த்த யாரோ செய்த சிலை. இடது கண் வலது கண்ணைவிடப் பெரிது. மீசை ஒரு பக்கம் ஏறியிருக்கும். உதட்டு ஓரத்தில் ஓர் ஓட்டை, பூசையன்று அதில் நிஜச் சுருட்டைச் செருகுவார்கள். வருடா வருடம் பூசிய பெயிண்டில் முகத்தின் மேடு பள்ளமெல்லாம் மழுங்கிக் கிடந்தது. கண்ணால் பார்த்து வரைந்தது எதுவும் ஒட்டவில்லை. தொட்டுப் பார்க்கவா என்று பூசாரியைக் கேட்டேன். தொடு என்றார். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியிலிருந்து தாடை வரை விரலால் தடவினேன். பெயிண்டுக்கு அடியில் கொத்தனாரின் கரண்டி போன வழி விரலுக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கமிட்டித் தலைவர் வந்து சேர்ந்தார். பொம்பளை சாமி முகத்தில் கைவைக்கலாமா என்று ஆரம்பித்தார். சாமியை முதுகில் குத்திக்கொண்டு இவர் எங்கெங்கே போவார், எங்கெங்கே படுப்பார், தீட்டில்லையா என்றார். பச்சை குத்தினவனைக் கோயிலுக்குள் விடமாட்டேன் என்றார்.

எனக்கு வாய் அடங்காது. "அண்ணே, போன திருவிழாவுல இதே முதுகுலதான கொக்கி மாட்டி இழுத்தாரு? நீங்கதான முன்னால நின்னு வீடியோ எடுத்தீங்க? அந்த ஓட்டையில தீட்டு இல்ல, என் ஊசியில மட்டும் தீட்டா?"

பெரியசாமி அண்ணன் விபூதித் தட்டைக் கீழே வைத்தார். சத்தம் போடவில்லை.

"தோட்டத்த வித்தாங்க, வூட்ட எடுத்துக்கிட்டாங்க. என் முதுகையும் சேத்தா வித்துட்டாங்க, தலைவரே? இது என்னுது."

தலைவர் போய்விட்டார். நாங்கள் வேலையைத் தொடங்கினோம்.

அச்சுத்தாளை அவர் நிற்கும்போது ஒட்டினேன், படுக்கும்போது அல்ல. காலமெல்லாம் நீளக் கம்பு அரிவாளைத் தூக்கி வலது தோள் ஏறியிருந்தது. படுத்தால் முதுகு நேராகும், எழுந்தால் முகம் கோணும். கொக்கித் தழும்புகள் இரண்டு வரிசை இருந்தன. தழும்பில் மை சரியாக நிற்காது, சில இடத்தில் பரவும், சில இடத்தில் வெளியே தள்ளும். அதனால் ஒரு வரிசையை ஜடைமுடிக்குள் விட்டேன், இன்னொன்றை மீசைக்குள் மறைத்தேன். கீழிருந்து மேலே போனேன், துடைக்கும்போது அச்சு அழியாமல் இருக்க. இடது கையால் தோலை விரித்துப் பிடிக்க வேண்டும். குத்துவது வலது கை என்றாலும் வேலையைக் காப்பாற்றுவது இடது கைதான். மூச்சை இழுக்கும்போது முதுகு ஏறும், அப்போது நிறுத்துவேன். விடும்போது கோட்டைப் போடுவேன். பாதி நாளில் அவர் மூச்சும் என் கையும் பழகிவிட்டன.

தன் முதுகை அவரால் பார்க்க முடியாதல்லவா, அவ்வப்போது "இப்ப எந்த எடம்?" என்று கேட்பார். மீசை என்பேன். உம் என்பார். மூக்கு என்பேன். உம் என்பார்.

பல வாரம் போய்வந்து, கடைசி நாளில் அவர் அதே கேள்வியைக் கேட்டார். கண்ணு, என்றேன். சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கண்ண விட்டுடு தங்கச்சி."

மிஷினை அணைத்தேன். ஏன் என்று கேட்டேன்.

"சிலைக்குக் கண்ணு எப்பத் தொறப்பாங்க? பீடத்துல ஒக்கார வெச்ச பொறகுதான? அவருக்கு எடம் கெடைக்கட்டும். அப்ப வரேன்."

கெஞ்சினேன், திட்டினேன். இதுவரை நான் குத்தியதிலேயே பெரிய முகம், அதைக் குருடாக வெளியே அனுப்பச் சொல்கிறீர்களே என்றேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். அதற்குள் எடுத்திருந்த படத்தை ஆ கியோங்குக்கு அனுப்பினேன். கண் எங்கே என்று இரண்டே வார்த்தையில் பதில் வந்தது. எனக்கு விளக்கம் எழுதத் தோன்றவில்லை. எழுதினால் சாக்கு மாதிரி இருக்கும்.

வருடங்கள் போயின. அந்த முதுகை யாராவது பார்த்துவிட்டு, சரசுவுக்குக் கண் போட வரவில்லை போலிருக்கிறது என்று பேசியது என் காதுக்கு வந்தது. மிஷின் அதிர்ந்து அதிர்ந்து என் கட்டைவிரல் மூட்டு தேய்ந்தது. கோடு நடுங்க ஆரம்பித்த அன்றைக்கே மிஷினைக் கீழே வைத்துவிட்டுக் கடையைக் கவிதாவிடம் கொடுத்தேன். நடுங்குகிற கோட்டை அடுத்தவர் உடம்பில் போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த இரண்டு கண்கள் மட்டும் பாக்கி நின்றன, அது என்னை அரித்தது. அவை இல்லாமல் ஆ கியோங் சொன்னதுதான் கடைசி வார்த்தையாக இருக்கும்.

கவிதா சர்ட்டிஃபிகேட் கேட்டதற்கு மறுவாரம், பெரியசாமி அண்ணன் கடைக்கு வந்தார். இப்போது சுங்கை ஆயர் தாவாரில் மகள் வீட்டில் இருக்கிறார். தருவதாகச் சொன்ன இடம் சாக்கடை ஓரத்து நிலம் என்று தெரிந்து, அதுவும் பிறகு இல்லையென்று ஆகிவிட்டது. சிலையை இயந்திரம் வைத்து உடைத்துவிட்டார்கள், அவருக்குச் செய்தி அப்புறம்தான் வந்தது. கையில் ஒரு கட்டுச் சுருட்டு வைத்திருந்தார்.

"எடம் கெடைக்காது தங்கச்சி. தெரிஞ்சுபோச்சு. தொறந்துடு."

"பீடம் இல்லாம எப்படிண்ணே?"

"அதான் நான் இருக்கனே."

என் விரலைக் காட்டினேன். கவிதாவின் கை அசையாது, அவள் போடட்டும் என்றேன். அவர் கவிதாவை மரியாதையாகப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சட்டையைக் கழற்றிவிட்டு என் பழைய நாற்காலியில் குப்புறச் சாய்ந்தார்.

கட்டைவிரலைத் துணிப்பட்டையால் மிஷினோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். தோலைக் கவிதா விரித்துப் பிடித்தாள். முதுகு தளர்ந்திருந்தது, நான் விட்டுவைத்த வெறும் தோல் முன்பைவிடக் குறுகியிருந்தது. கருவிழியை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் பார்வை போகும். ஒரு அரிசி அளவு தள்ளினாலும் கூரையைப் பார்ப்பார். பேனாவில் வைத்து அழித்தேன், மறுபடி வைத்தேன். லாகி, லாகி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இப்ப எந்த எடம்?"

"கண்ணுதான்ணே. மூச்ச விடுங்க."

முதலில் பெரிய கண், பிறகு சின்னது. இரண்டிலும் ஒரு பொட்டு அளவு தோலைத் தொடாமல் விட்டேன். சின்னக் கண்ணின் ஓரத்தில் என் கை நடுங்கியது. அந்த நடுக்கம் அங்கேயே இருக்கிறது, நான் திருத்தவில்லை. கொத்தனாரும் திருத்தவில்லை. துடைத்துவிட்டு நான் பின்னால் நகர்ந்தபோது கவிதாவும் நகர்ந்தாள். அவள் ஏன் நகர்ந்தாள் என்று நான் கேட்கவில்லை.

தோட்டத்துக்குக் கூட்டிப் போ என்றார் அண்ணன். நான் காரை எடுத்தேன், கவிதாவும் ஏறிக்கொண்டாள். கோயில் இருந்த இடத்தைச் சுற்றித் தகர வேலி. கேட்டருகே ஒரு நேப்பாளக் காவல்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரியசாமி அண்ணன் இறங்கி, சட்டையைக் கழற்றித் தோளில் போடாமல் கையில் மடித்து வைத்துக்கொண்டு, கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் சாலையைப் பார்த்தார். முனியாண்டி உள்ளே பார்த்தார்.

என்ன வேண்டும் என்று காவல்காரர் மலாயில் கேட்டார். ஒன்றும் வேண்டாம், பார்த்துவிட்டுப் போகிறோம் என்றேன். பார்க்க வந்தவர் ஏன் திரும்பி நிற்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து வந்தவர், முதுகுக்கு நேரே வந்ததும் நின்றார். சிரிப்பு போய்விட்டது. திரும்பிப் போய் உட்கார்ந்தார், ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேலித் தூணுக்கு அந்தப் பக்கம், முனியாண்டியின் பார்வைக்கு எட்டாத இடமாகப் பார்த்து நடந்தார்.

"என்ன ஆன்ட்டி, நாற்காலிய எங்க தூக்கிட்டுப் போறாரு?" என்றாள் கவிதா.

"அது நாற்காலி இல்ல," என்றேன். "நீ மாட்டணும்னு கேட்டியே, அந்த சர்ட்டிஃபிகேட்டுதான் போவுது. நல்லாப் பாத்துக்க."